அந்த நாலு பின்னையும் ஒடிச்சிராதீங்க

அண்ணாச்சி, புது கிராபிக்ஸ் கார்டுல மானிட்டர் மாட்ட டிவிஐ சாக்கெட்டு, பழைய மானிட்டர்ல விஜிஏங்கிற அனலாக் சாக்கெட்டு. வண்ணார்பேட்டையில வாங்குன குட்டி கன்வெர்ட்டர் உள்ள போவல, இடிக்குத நாலு பின்னை ஒடிச்சா சரியாவுமான்னு கேட்டிருக்கீங்க. ஒடிச்சிராதீங்க!

சாக்கெட்டுல டார்ச் அடிச்சுப் பாருங்க. மூணு வரிசையா 24 ஓட்டை, பக்கத்துல ஒரு தட்டைக் கீறல். கீறலைச் சுத்தி நாலு ஓட்டை இருந்தா டிவிஐ-ஐ (டிஜிட்டல், அனலாக் ரெண்டும் வரும்), இல்லன்னா டிவிஐ-டி (டிஜிட்டல் மட்டும்). உங்களுக்கு ரெண்டாவதுதான். விஜிஏவோட சிவப்பு, பச்சை, நீலம் மூணும் அந்த நாலு பின் வழியாத்தான் வரணும். நானும் ஒருக்க நோஸ் பிளையரால ஒடிச்சு மாட்டுனவன்தான். கச்சிதமா உள்ள போச்சு, ஸ்கிரீன் மட்டும் கருப்பு.

மொதல்ல மானிட்டர் பின்னாடி டிவிஐயோ எச்டிஎம்ஐயோ இருக்கான்னு பாருங்க. இருந்தா சாதா கேபிளே போதும், ரெண்டுலயும் படம் ஒரே மாதிரி டிஜிட்டல் சிக்னல்தான். சத்தம் வரலன்னா ஸ்பீக்கரை மதர்போர்டுல குத்திக்கிடுங்க. மானிட்டர்ல விஜிஏ மட்டுந்தான்னா, டிஜிட்டலை அனலாக்கா மாத்துத சிப்பு உள்ள வச்ச ஆக்டிவ் கன்வெர்ட்டர்னு கேட்டு வாங்குங்க. கடையில "எல்லாம் ஒண்ணுதான்"ம்பாங்க, நம்பாதீங்க. சாக்கெட்டைப் போட்டோ எடுத்துட்டுப் போங்க, வெயில்ல ரெண்டு நடை மிச்சம்.