பதிவுக்காரர் கேட்ட வயது

அன்புள்ள அண்ணன்,

எங்கள் தாத்தா, அப்பாயியின் விவாகப் பதிவுப் பிரதி கிடைத்திருக்கிறது. 1950இல் பதிந்திருக்கிறார்கள். தாத்தாவுக்கு 30, அப்பாயிக்கு 25 என்று இருக்கிறது. ஆனால் மூத்த அத்தையின் பிறப்புப் பத்திரத்தில் 1941. அதில் ‘பெற்றோர் விவாகம் செய்தவர்களா’ என்ற இடத்தில் ‘இல்லை’. அப்பாயியின் அடையாள அட்டையிலோ பிறந்த வருஷம் 1929. வம்சாவளியில் எந்த வயதைப் போடுவது? ஆளுக்கொரு பொய் சொல்லி வைத்தால் நாம் எப்படி வரலாறு எழுதுவது?

ஒரு வாசகர், பொகவந்தலாவை

தம்பி,

இந்தப் பழைய பத்திரங்களை எப்படி வாசிப்பது என்று கொஞ்ச காலமாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் கையோடு பதில் எழுதுகிறேன். முதலில் அந்தப் ‘பொய்’யை அழியுங்கள். உங்களைச் சுமந்து வளர்த்தவர்களைப் பற்றி இவ்வளவு சுலபமாக எழுத எப்படி மனசு வந்தது?

உங்கள் கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1941ஐ நம்பலாம். தோட்டத்தில் பிள்ளை பிறந்தால், துரை என்கிற தோட்ட அதிகாரியின் ஒப்பீசிலிருந்து பதிவுக்காரருக்கு அறிவிப்புப் போகும், அது பிறந்த கையோடு எழுதியது. 1929ஐ விட்டுவிடுங்கள். அப்படியானால் அப்பாயி 12 வயதில் அத்தையைப் பெற்றிருக்க வேண்டும். 30, 25 இரண்டும் ஆள் முகத்தைப் பார்த்து ஐந்து ஐந்தாக உருட்டி எழுதிய வயதுகள், கீழேயும் மேலேயும் சில வருஷம் விட்டுத்தான் வாசிக்க வேண்டும். அந்தக் காலத்து வேறு விவாகப் பதிவுகளில் சரியாக 21 என்று கண்டால் சந்தேகப்படுங்கள். அன்று அதற்குக் குறைந்தால் தகப்பன் சம்மதம் கேட்டார்கள்.

சரி, வயது கிடக்கட்டும். என்னைச் சுட்டது அந்த ‘இல்லை’. நீங்கள் அதை ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். வெட்கப்பட்டுத் தாண்டினீர்களோ என்று பயப்படுகிறேன்.

வெட்கப்பட ஒன்றுமில்லை. நம் மலையகத் தோட்டச் சனத்துக்குக் கல்யாணம் என்றால் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் பந்தல், கோயிலில் தாலி, ஊர்ச் சனம் சாட்சி. பதிவுக்காரரிடம் போகும் பழக்கம் அன்று பெரும்பாலானவர்களுக்கு இல்லை. வழக்கப்படி நடந்த கல்யாணத்தை இலங்கைச் சட்டமும் செல்லாது என்று சொல்லவில்லை. பதிவு அதற்கு ஒரு வலுவான சாட்சி, அவ்வளவுதான். ஆனால் பத்திரம் எழுதிய கை, பதிவு இல்லையென்றால் கல்யாணமே இல்லை என்று எழுதிவிட்டது.

அப்புறம் ஏன், ஒன்பது வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு 1950இல் போய்ப் பதிந்தார்கள்? அந்த வருஷத்தைப் பாருங்கள் தம்பி! 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கியது. 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவோருக்கென்று இன்னொரு சட்டம் வந்தது. 1946 ஜனவரி 1க்கு முன்னால் இடைவிடாமல் இங்கே வாழ்ந்ததாகக் காட்ட வேண்டும், விவாகமானவர் என்றால் 7 வருஷம், ஆகாதவர் என்றால் 10 வருஷம். விண்ணப்பத்துக்கு 1951 ஆகஸ்ட் 5 வரைதான் தவணை. தாலி கட்டியது போதாது, தாளில் காட்டு என்று அரசாங்கம் கேட்ட காலம் அது. அதனால் உங்கள் கையில் இருப்பதைக் கல்யாணப் பத்திரமாக நான் வாசிக்க மாட்டேன். பெரும்பாலும் அது ஒரு பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்காக எடுத்த தாள். கல்யாணம் அதற்குப் பத்து வருஷத்துக்கு முன்பே முடிந்திருக்கும்.

எங்கள் அம்மாயி ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. “முல்லோயாவுல கோவிந்தனச் சுட்டப்ப உங்கம்மா தவழ்ந்துகிட்டு இருந்தா, பொங்கலுக்கு அஞ்சாறு நாள் இருந்துச்சு” என்பார். முல்லோயாத் தோட்டத் தொழிலாளி கோவிந்தன் பொலிஸ் சூட்டில் விழுந்தது 1940 ஜனவரி 10. அப்படியானால் அம்மா 1939இல் பிறந்தவர். பிறப்புப் பதிவு கிடைக்காததால் உத்தேச வயதுப் பத்திரம் எடுக்கப் போனபோது, மெலிந்த உடம்பைப் பார்த்து 1943 என்று போட்டுவிட்டார்கள். அம்மாயி சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. வேலைக் காலத்தில் சேர்ந்த சேமலாப நிதிப் பணம் பெண்கள் கைக்கு வருவது 50 வயதில்தான். அட்டைப்படி அந்த வயது வரும்வரை, 54 வயதிலும் அம்மா கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறினார். முழங்கால் தேய்ந்துபோனது அந்த வருஷங்களில்தான். யார் சொன்ன பொய் இது?

பத்திரத்தில் இருக்கும் வயது, ஒரு மேசைக்குப் பின்னால் இருந்தவர் கேட்டதற்குக் கிடைத்த பதில். யார் கேட்டார், எதற்காகக் கேட்டார் என்பதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்தால் எல்லாமே பொய்யாகத்தான் தெரியும்.

அத்தை இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இந்த மாதமே போய் உட்காருங்கள். வருஷம் கேட்காதீர்கள். 1947 ஆகஸ்டில் பெருவெள்ளம் வந்தபோது வீட்டில் யார் யார் இருந்தார்கள், கைப்பிள்ளை யார் என்று கேளுங்கள். அப்பாயி பெரிய மனுஷியானது எந்தத் தோட்டத்தில், அப்போது கங்காணி யார் என்று தன் அம்மா சொல்லி அத்தை கேட்டிருப்பார், அதையும் கேளுங்கள். சொல்வதை அப்படியே எழுதுங்கள், திருத்தாதீர்கள்.

வம்சாவளியில் அப்பாயிக்கு ‘சுமார் 1920–25’ என்று போட்டு, எந்தப் பத்திரம், எந்த வருஷத்தில் எடுத்தது, அத்தை என்ன சொன்னார் என்பதைப் பக்கத்திலேயே குறித்துவையுங்கள். கல்யாணத்துக்கு நேரே 1950 என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.