ஆறு வித்தியாசமும் ஒரு கட்டுரையும்

கேள்வி: ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையையும் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ படத்தையும் ஒப்பிட்டு, 24 வேறுபாடுகளைக் காட்டி, படம் கதைக்குத் துரோகம் செய்துவிட்டது என்று எழுதியிருந்தேன். கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். ‘கதை வேறு, சினிமா வேறு’ என்ற வழக்கமான பதில் வேண்டாம். பிறகு எப்படித்தான் ஒப்பிடுவது?

பதில்: அந்த வழக்கமான பதில் எனக்கும் பிடிக்காது. இரண்டும் வேறு என்று சொல்லிவிட்டால் ஒப்பிடவே வேண்டாமே. ஆனால் நீங்கள் அனுப்பியது பத்திரிகைகளில் வரும் ‘ஆறு வித்தியாசங்கள்’ புதிரை நான்கு தடவை போட்டதுபோல இருந்தது. 24 வேறுபாடுகளில் ஒன்றுக்காவது ‘ஏன்’ இல்லை.

பட்டியலுக்கு முன்பே ஒரு கோளாறு இருக்கிறது. ஜோடியே தப்பு. 1966-ல் ஆனந்த விகடனில் வந்த கதையில், மழையில் கார் ஏறிப்போய்க் கெட்டுத் திரும்பிய மகளின் தலையில் அம்மா தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். விஷயம் அந்த வீட்டுக்குள்ளேயே அமுங்கிவிடுகிறது. கதைக்குக் கிளம்பிய எதிர்ப்புக்குப் பிறகு, அந்த அம்மா அப்படிச் செய்யாமல் கூச்சல் போட்டு ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஜெயகாந்தனே ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்ற நாவலை எழுதினார். 1972-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அந்த நாவலைத்தான் பீம்சிங் 1977-ல் படமாக்கினார். திரைக்கதையும் ஜெயகாந்தனுடையதே. நாவலுக்குள் அந்தச் சிறுகதை, ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் எழுதிய கதையாகவே வருகிறது. படத்தின் தலையில் நீங்கள் கட்டிய துரோகத்தில் பெரும்பங்கு, ஆசிரியர் தன் கதைக்குத் தானே செய்துகொண்டது. நடுவில் உள்ள நாவலைத் தாண்டிக் குதித்ததால் உங்களுக்கு இது தெரியாமல் போயிற்று.

ஆகவே முதலில் டைட்டில் கார்டைப் பாருங்கள். படம் எந்தப் பிரதியின் மேல் நிற்கிறது, எவ்வளவு கடன் வாங்கியதாகச் சொல்கிறது என்று கவனியுங்கள். மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ (1979) புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து கிளம்பிய படம். சுந்தரவடிவேலு என்ற பெயர் மிஞ்சியிருக்கிறது. ஆனால் புதுமைப்பித்தனிடம் அவர் பேராசிரியர், படத்தில் கிராமத்துப் பள்ளிக்கூடத்தை நடத்துகிற பெரிய மனிதர். விதையை மட்டும் எடுத்துக்கொண்ட படத்தை வரிக்கு வரி ஒத்துப்பார்ப்பது வீண்வேலை.

அடுத்தது நேரக் கணக்கு. பத்துப் பக்கக் கதையில் நடப்பதை மட்டும் படம்பிடித்தால் அரை மணி நேரம் தேறுவதே கஷ்டம். இரண்டு மணி நேரப் படத்துக்கு மிச்ச ஒன்றரை மணி எங்கிருந்து வந்தது? படத்தை ஓடவிட்டு, கதையில் உள்ள சம்பவம் ஒவ்வொன்றும் வரும் நிமிடத்தைக் குறித்துக்கொண்டே போங்கள். குறிப்புகள் கடைசி அரை மணியில் குவிந்தால், இயக்குநர் கதைக்கு முன்கதை கட்டியிருக்கிறார். படம் முழுக்கச் சிதறிக் கிடந்தால், பக்கத்தில் இன்னொரு கதையை ஓட்டியிருக்கிறார். பிரேம்சந்தின் ‘சத்ரஞ்ச் கே கிலாடி’யைச் சத்யஜித் ராய் 1977-ல் எடுத்தபோது செய்தது இரண்டாவது. சதுரங்கப் பைத்தியங்கள் இருவருக்கு இணையாக, நவாப் வாஜித் அலி ஷாவும் அவரிடமிருந்து அயோத்தி (அவத்) அரசைப் பறிக்க வந்த ஆங்கிலேய அதிகாரி அவுட்ராமும் தனிக்கதையாக வளர்கிறார்கள். அதே ராய் 1961-ல் தாகூரின் மூன்று கதைகளை ‘தீன் கன்யா’ என்று ஒரே படமாக்கி, எதையும் இழுக்காமல் தப்பித்தார். ஒரு கதைக்கு என்ன அளவு தாங்கும் என்று தெரிந்தவரின் முடிவு அது.

உங்கள் கட்டுரை தொடவே தொடாத விஷயம், கதையை யார் சொல்கிறார்கள் என்பது. சிறுகதையின் உயிர் பெரும்பாலும் அங்கேதான். கார்னெல் வுல்ரிச் 1942-ல் எழுதிய கதையில் ‘நான்’ என்று பேசுகிறவன் நாள் முழுக்க ஜன்னலருகே உட்கார்ந்து எதிர்வீடுகளைப் பார்க்கிறான். ஏன் எழுந்து போவதில்லை என்பது முடிவில்தான் தெளிவாகிறது: காலில் மாவுக்கட்டு. ஹிட்ச்காக் இதை ‘ரியர் விண்டோ’வாக (1954) எடுத்தபோது மாவுக்கட்டைத் தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறார். அவசரக்குடுக்கைத்தனம் இல்லை. ‘நான்’ தன் காலைப் பற்றி வாயைத் திறக்காமல் இருக்கலாம், கேமராவால் காலை எத்தனை நேரம் மறைக்க முடியும்? மறைக்க முடியாததை முன்னால் தூக்கிப் போட்டு, அவனால் ஓட முடியாது என்பதையே பயமாக மாற்றிக்கொண்டார். கதையில் இல்லாத காதலியைப் படத்தில் சேர்த்ததும் இதனால்தான். மனதுக்குள் நினைப்பதை வாய்விட்டுச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். ‘காதலி கூடுதல்’ என்று உங்கள் மாதிரி எழுதிவிட்டுப் போனால் இது எதுவும் கிடைக்காது.

இன்னொன்று, நம் மொழிக்காரர்கள் சுலபமாகப் பிடிக்கக்கூடியது. ‘சாயங்காலமானால் அவள் திண்ணையில் வந்து உட்காருவாள்’ என்று ஒரு வரி. பல வருஷப் பழக்கம் அந்த ‘வாள்’ என்ற முடிவுக்குள் அடங்கிவிட்டது. கேமராவுக்கு ‘உட்காருவாள்’ தெரியாது, ‘உட்கார்ந்தாள்’ மட்டுமே தெரியும். பழக்கத்தைக் காட்ட அதே கோணத்தில் சேலை மாற்றி, வெளிச்சம் மாற்றி மூன்று தடவையாவது எடுக்க வேண்டும், இல்லையென்றால் யாராவது ‘தினமும் இங்கேதான் உட்காருவியா?’ என்று கேட்க வேண்டும். இரண்டாவது வழி வருகிற இடங்களில் படம் சோம்பியிருக்கிறது என்று தைரியமாக எழுதலாம்.

கதையை யார் சொல்கிறார்கள் என்ற முறையைக் கைவிடாமலே படமாக்க முடியும் என்பதற்கு ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ‘ரஷோமோன்’ (1950). ஜப்பானிய எழுத்தாளர் அகுதாகவாவின் ‘தோப்புக்குள்ளே’ கதையில் ஒரு சாவைப் பற்றி ஏழு வாக்குமூலங்கள் உண்டு, விசாரிப்பவரின் குரல் கிடையாது. குரோசாவாவும் நீதிபதியைக் காட்டவில்லை, பேசவிடவில்லை. சாட்சிகள் நம்மைப் பார்த்தே பேசுகிறார்கள். இதுதான் விசுவாசம் என்றால் விசுவாசம். அதே சமயம் விறகுவெட்டி பிற்பாடு சொல்லும் நான்காவது வடிவமும், முடிவில் வரும் கைக்குழந்தையும் கதையில் இல்லாதவை. பாழடைந்த வாயிலும் துணியை உருவுகிற திருட்டும் அகுதாகவாவின் ‘ரஷோமோன்’ என்ற வேறொரு கதையிலிருந்து வந்தவை. அங்கே உருவப்படுவது கிழவியின் துணி, இங்கே குழந்தையினுடையது. அந்தக் குழந்தை எனக்குக் கொஞ்சம் உறுத்தல்தான். அகுதாகவா கதவைச் சாத்திவிட்டுப் போன இடத்தில் குரோசாவா ஜன்னலைத் திறக்கிறார்.

இசை, நடிப்பு பற்றி நீங்கள் எழுதிய இரண்டு பக்கங்களை எடுத்துவிடலாம். அவை விமர்சனம், ஒப்பீடு அல்ல.

முடிவை மட்டும் கடைசி வரி, கடைசி ஷாட் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தாகூரின் ‘போஸ்ட்மாஸ்டர்’ முடிவில், ஊரைவிட்டுப் போகும் போஸ்ட்மாஸ்டரின் படகு கிளம்பிவிடுகிறது. பிரிவைப் பற்றி அவருக்கு ஒரு தத்துவம் கிடைக்கிறது. அவருக்கு வேலை செய்த சிறுமி ரத்தனுக்குத் தத்துவம் ஏதும் இல்லை, தபால் நிலையத்தையே கண்ணீரோடு சுற்றிச் சுற்றி வருகிறாள். அந்தத் தத்துவப் பத்தியைப் படம்பிடிக்க முடியாது. ‘தீன் கன்யா’வில் ராய் என்ன செய்தார்? ரத்தன் தண்ணீர் வாளியோடு அவரைத் தாண்டிப் போகிறாள், பேசவில்லை. புதிய போஸ்ட்மாஸ்டரிடம் தண்ணீர் கொண்டு வந்திருப்பதாகச் சொல்லும் குரல் மட்டும் கேட்கிறது. கொடுக்க எடுத்த காசு அவர் கையிலேயே நின்றுவிடுகிறது. கதையில் அழுகிற பெண் படத்தில் வேலைக்குத் திரும்பிவிட்டாள். ‘முடிவு மாற்றப்பட்டுள்ளது’ என்று இரண்டு வார்த்தையில் இதை முடிப்பீர்களா?

எல்லா மாற்றமும் லாபம் என்று நான் சொல்லவில்லை. பிரேம்சந்தின் கதையில், அரசனுக்காக ஒரு துளி கண்ணீர் விடாத இருவரும் சதுரங்க மந்திரிக்காக ஒருவரையொருவர் வெட்டிச் சாகிறார்கள். ராயின் படத்தில் இருவரும் பிழைத்து, மந்திரியை எடுத்துவிட்டு ராணியை வைத்து ஆங்கிலேயப் பாணியில் மறுபடி ஆடுகிறார்கள். நுட்பம்தான். ஆனால் பிரேம்சந்தின் ஏளனத்தில் இருந்த காரம் குறைந்துவிட்டது என்பது என் கட்சி. நீங்கள் மறுத்து எழுதினால் போடுகிறேன்.

இப்போது உங்கள் கட்டுரைக்கு வருவோம். நாவலை நடுவில் வைத்து மூன்று பத்திகளாக ஒரு தாளைப் பிரியுங்கள்: சிறுகதை, நாவல், படம். 24-ல் 23-ஐ அடித்துவிடுங்கள். மகள் வீட்டுக்குள் நுழைவதிலிருந்து விஷயம் அமுங்குவது அல்லது வெளியே தெரிவது வரை உள்ள பகுதி மட்டும் போதும். அந்த நேரத்தில் யார் யாருக்கு என்ன தெரியும், அம்மாவின் குரல் எந்த இடத்தில் உயர்கிறது அல்லது அடங்குகிறது, பக்கத்து வீட்டு ஆட்கள் எப்போது உள்ளே வருகிறார்கள் என்று மூன்று பத்தியிலும் நிரப்புங்கள். படத்தில் அந்த இடத்தை நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு ஷாட்டிலும் கேமரா யார் பக்கம் நிற்கிறது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து பக்கத்துக்குள் அனுப்புங்கள். ‘துரோகம்’ என்ற சொல் இல்லாமல்.