அலியாஸ் எங்கே செல்லும், எங்கே செல்லாது?

அன்புள்ள ஐயா,

வேலைக்காக டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கும் மொழியான எஸ்கியூஎல் (SQL) கற்று வருகிறேன். விலையையும் அளவையும் பெருக்கி அதற்கு 'தொகை' என்று அலியாஸ், அதாவது மாற்றுப்பெயர், கொடுத்தேன். வரிகளை வடிகட்டும் வேர் (WHERE) பகுதியில் தொகை > 1000 என்று எழுதினால், அப்படி ஒரு நெடுவரிசையே இல்லை என்று பிழை வருகிறது. வரிசைப்படுத்தும் ஆர்டர் பையில் (ORDER BY) அதே பெயர் ஓடுகிறது. வரிகளைக் குழுவாக்கும் குரூப் பையில் (GROUP BY) போட்டால் மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸில் ஓடுகிறது, எஸ்கியூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸில் ஓடவில்லை. இதையெல்லாம் மனப்பாடம்தான் செய்ய வேண்டுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

மனப்பாடம் வேண்டாம். குவெரியில், அதாவது நாம் எழுதும் கேள்வியில், எதைக் காட்ட வேண்டும் என்று சொல்லும் செலக்ட் (SELECT) முதல் ஆளாக நின்றாலும் அதன் முறை வருவது ஏறக்குறைய கடைசியில்தான். முதலில் டேபிளைச் சொல்லும் ஃப்ரம் (FROM), அடுத்து வேர், அப்புறம் குரூப் பை, குழுக்களை வடிகட்டும் ஹேவிங் (HAVING), அதற்குப் பிறகே செலக்ட், எல்லாம் முடிந்து ஆர்டர் பை. வேகத்துக்காக டேட்டாபேஸ் உள்ளே எந்தக் குறுக்குவழியில் போனாலும் குவெரிக்குப் பொருள் கொள்வது இந்த வரிசையில்தான். தொகை என்ற பெயர் பிறப்பதே செலக்ட்டில் என்பதால், வேர் வரிகளை வடிகட்டும் நேரத்தில் அப்படி ஒரு பெயர் கிடையாது. ஆர்டர் பை பின்னால் வருவதால் அதற்குத் தெரியும். ஒரே செலக்ட்டுக்குள் தொகையை உருவாக்கி, பக்கத்திலேயே தொகை * 0.05 ஆஸ் (AS) வரி என்று எழுதினாலும் இதே கதைதான்.

மற்றபடி நீங்கள் பார்த்த வித்தியாசம் ஒவ்வொரு டேட்டாபேஸும் தரும் சலுகை. மைஎஸ்கியூஎல் குரூப் பை, ஹேவிங் இரண்டிலும் அலியாஸை ஏற்கும். போஸ்ட்கிரெஸ் குரூப் பையில் ஏற்கும், ஹேவிங்கில் ஏற்காது. எஸ்கியூஎல் சர்வருக்கு ஆர்டர் பை மட்டும்தான். எஸ்கியூலைட் வேரிலேயே அனுமதித்துவிடும், அதில் பழகியவர்கள் வேறு இடத்துக்குப் போனதும் திணறுவது இதனால்தான்.

உங்கள் வேர் பிரச்சினைக்கு, விலை * அளவு > 1000 என்று கணக்கையே திரும்ப எழுதலாம். கணக்கு நீளமாக இருந்தால், வித் (WITH) மூலம் ஒரு தற்காலிக டேபிள் போல உள்ளே ஒரு படி வையுங்கள்:

வித் கணக்கு ஆஸ் (செலக்ட் பொருள், விலை * அளவு ஆஸ் தொகை ஃப்ரம் விற்பனை)
செலக்ட் பொருள், தொகை ஃப்ரம் கணக்கு வேர் தொகை > 1000

இது மெதுவாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். 2019-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 12 முதல், இப்படி ஒரே முறை பயன்படும் எளிய வித் பகுதியை அது வெளிக் குவெரியோடு சேர்த்தே திட்டமிடுகிறது.

ஆனால் பிழை வருவது நல்லது, உடனே தெரிந்துவிடும். எனக்குக் கவலை தருவது பிழையே வராத இடம், அதாவது ஏற்கெனவே இருக்கும் நெடுவரிசையின் பெயரையே அலியாஸாக வைப்பது. ஒரு டேபிளில் தேதியும் மணியும் சேர்ந்த பதிவுநேரம் இருக்கிறது. நாள்வாரியாக எண்ண நினைத்து டேட்(பதிவுநேரம்) ஆஸ் பதிவுநேரம், கவுண்ட்(*) என்று செலக்ட்டில் எழுதி, குரூப் பை பதிவுநேரம் என்று முடிக்கிறீர்கள். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் இரண்டுமே குரூப் பையில் இந்தக் குழப்பம் வந்தால் டேபிளில் உள்ள அசல் நெடுவரிசையைத்தான் எடுக்கும். விளைவு, ஒவ்வொரு நொடிக்கும் ஒரு குழு, ஒரே தேதி பத்து வரிகளில் வந்து நிற்கும். ஆர்டர் பையிலோ நேர்மாறாக அலியாஸுக்கே முன்னுரிமை! ஒரே பெயர், ஒரே குவெரி, இரண்டு பொருள். தயவுசெய்து நாள் என்று புதுப் பெயர் வையுங்கள்.

அலியாஸுக்கு முன் வரும் ஆஸ் என்ற சொல்லையும் விடாதீர்கள். செலக்ட் பெயர், ஊர் என்பதில் காற்புள்ளியை மறந்தால் டேட்டாபேஸ் புகார் சொல்லாது, பெயர் நெடுவரிசைக்கு ஊர் என்று அலியாஸ் வைத்துவிட்டுப் போய்விடும். எப்போதும் ஆஸ் போட்டு எழுதும் பழக்கம் இருந்தால் அது இல்லாத இடம் கண்ணில் படும். மைஎஸ்கியூஎல்லில் ஒற்றை மேற்கோளுக்குள் அலியாஸ் கொடுக்கலாம்தான், ஆனால் ஆர்டர் பையிலும் அதே மேற்கோளோடு 'தொகை' என்று எழுதினால் அது வெறும் எழுத்துச்சரம், எதுவும் வரிசைப்படாது, பிழையும் வராது. இடைவெளி இல்லாத, மேற்கோள் தேவைப்படாத பெயராக வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

உங்கள் குரூப் பை குவெரிக்கு வருவோம்: செலக்ட்டில் உள்ள விலை * அளவு என்ற கணக்கை அப்படியே குரூப் பையிலும் எழுதுங்கள், மைஎஸ்கியூஎல், எஸ்கியூஎல் சர்வர் இரண்டிலும் ஓடும்.