வாசகர் கேள்வி – பதில்: பாடம் எழுதும் எடிட்டரை எதைக் கொண்டு எடைபோடுவது?

கேள்வி: எங்கள் பயிற்சி மையம் மூடுல், கேன்வாஸ், ஓப்பன் எட்எக்ஸ் ஆகிய மூன்று இணையவழிக் கற்பித்தல் தளங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க உள்ளது. பாடங்களை எழுதித் திருத்தப்போகிறவர்கள் கணினியில் அதிகம் பழகாத ஆசிரியர்கள். மூன்றில் எதன் எடிட்டர் சிறந்தது?

பதில்: எழுத்தைத் தடிமனாக்குவது, அட்டவணை இடுவது, படமும் காணொளியும் சேர்ப்பது ஆகியவற்றில் இம்மூன்றுக்கும் இடையே சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடு இல்லை. மூன்றுமே டைனிஎம்சிஇ என்ற ஒரே எடிட்டரைப் பயன்படுத்துவதுதான் காரணம். கேன்வாஸும், ஓப்பன் எட்எக்ஸில் பாடம் உருவாக்கும் பகுதியான ஸ்டுடியோவும் அதை அடித்தளமாகக் கொண்டவை. 2014 முதல் அட்டோ என்ற சொந்த எடிட்டரை முன்னிறுத்திவந்த மூடுலும், 2022இல் வெளியான 4.1 பதிப்பில் டைனிஎம்சிஇயின் புதிய வடிவத்தைச் சேர்த்துக்கொண்டு, பின்னர் அதற்கே முதலிடம் தந்தது. ஆகவே, விற்பனைப் பிரதிநிதிகள் விரும்பிக் காட்டும் பொத்தான் பட்டியலை நீங்கள் தயங்காமல் ஒதுக்கிவிடலாம்.

ஒப்பிட வேண்டியது, 'சேமி' என்பதை அழுத்திய பிறகு என்ன நடக்கிறது என்பதையே. ஓப்பன் எட்எக்ஸில் திருத்தம் வரைவாகத் தங்குகிறது. ஆசிரியர் அதை வெளியிடும்வரை மாணவர் பழைய பாடத்தையே காண்பார். கேன்வாஸில், ஏற்கெனவே வெளியிட்ட பக்கத்தைத் திருத்திச் சேமித்தால் அது உடனே மாணவர் கண்ணில் படும். ஆனால் பக்க வரலாற்றைத் திறந்து, முந்தைய வடிவத்தை மீட்டுவிட முடியும். மூடுலின் 'பக்கம்' என்னும் வளத்திலோ திருத்தம் உடனே வெளியாவதோடு, பழைய உரையும் தங்குவதில்லை. அங்குள்ள தானியங்கிச் சேமிப்பு, இணைப்பு அறுந்தால் எழுதிக்கொண்டிருந்ததைக் காப்பாற்றுமே தவிர, சென்ற வாரம் இருந்த உரையைத் திருப்பித் தராது. மறுசுழற்சித் தொட்டியும் நீக்கப்பட்ட பாடக்கூறுகளுக்கானதே, மாற்றி எழுதப்பட்ட வாக்கியங்களுக்கானது அன்று. பலர் சேர்ந்து ஒரே பாடத்தில் கைவைக்கும் இடத்தில் இது சிறிய குறையாகாது.

இந்த ஒரு காரணத்துக்காக ஓப்பன் எட்எக்ஸைப் பரிந்துரைக்கலாமே என்றால், அங்கே ஒரு பத்தியை எழுதும் முன்பே பகுதி, உட்பகுதி, அலகு, கூறு என்று நான்கு அடுக்குகளைப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. புதியவர்கள் அங்கேயே சலித்துப்போவார்கள். நீங்கள் சொல்லும் ஆசிரியர்களுக்குக் கேன்வாஸே ஏற்றது என்பது என் கருத்து. வினாடி வினாக்களும் ஊடாடும் பயிற்சிகளுமே உங்கள் பாடத்தின் உயிர் என்றால் மட்டும் மூடுலைப் பாருங்கள். 2020இல் வெளிவந்த 3.9 பதிப்பிலிருந்து, எச்5பி என்னும் கருவியைக் கொண்டு ஊடாடும் பயிற்சிகளை அதன் உள்ளடக்க வங்கியிலேயே உருவாக்கலாம்.

மாற்று உரை (படத்தைக் காண இயலாதவருக்கு அதைச் சொல்லில் விவரிக்கும் குறிப்பு) இல்லாத படங்களையும் மங்கலான எழுத்து வண்ணங்களையும் சுட்டிக்காட்டும் அணுகல்தன்மைச் சோதிப்பான், அதாவது மாற்றுத்திறனாளிகளும் பாடத்தைப் பயன்படுத்த முடியுமா என்று பார்க்கும் கருவி, கேன்வாஸிலும் மூடுலிலும் உண்டு. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாட்டு விகிதம் வேண்டும் என்பது இணைய அணுகல்தன்மை வழிகாட்டி நெறிகளின் இடைநிலைத் தரம். பாடத்தை வேறு தளத்துக்கு எடுத்துச்செல்லும் வழியையும் ஒப்பந்தத்துக்கு முன்பே ஒரு மாதிரிப் பாடத்தைக் கொண்டு சோதித்துவிடுங்கள். ஏற்றுமதியில் உரை பெரும்பாலும் தப்பிவிடும், வினாக்களின் அமைப்புகள்தாம் சிதறும்.

கேள்வி: வேர்டில் எழுதி எடிட்டரில் ஒட்டினால் எழுத்துகள் பத்திக்குப் பத்தி வேறுபடுகின்றனவே, ஏன்?

பதில்: வேர்டின் வடிவமைப்புக் குறியீடுகள் உரையோடு சேர்ந்து வருவதால்தான். டைனிஎம்சிஇ அவற்றில் பலவற்றைக் களைந்தாலும், சில தங்கிவிடுகின்றன. கண்ட்ரோல், ஷிஃப்ட், வி ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி வெறும் உரையாக ஒட்டிவிட்டு, தலைப்புகளை எடிட்டரின் தலைப்பு நிலைகளைக் கொண்டே அமையுங்கள். எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் அது கண்ணுக்குத் தலைப்பாகத் தெரியலாம். ஆனால் பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக்காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் அதைச் சாதாரண வரியாகவே படிக்கும்.