குர்து அமைதித் தாய்மார்கள் ஏன் வெள்ளை முக்காடு அணிகிறார்கள்?

துருக்கியில் அரசுப் படைகளுக்கும், அங்குள்ள சிறுபான்மை இனமான குர்துகளின் பெயரால் ஆயுதம் ஏந்திய குர்துத் தொழிலாளர் கட்சிக்கும் 1984இல் மூண்ட ஆயுத மோதலில் ஏறத்தாழ 40,000 பேர் மாண்டனர். அதில் பிள்ளைகளைப் பறிகொடுத்த, பிள்ளை போராளியாக மலையிலோ கைதியாகச் சிறையிலோ இருக்கத் தவித்த குர்துப் பெண்கள், பேச்சுவார்த்தை கோரி 1990களில் தொடங்கிய அறவழி இயக்கமே அமைதித் தாய்மார்கள்.

சண்டையிடும் ஆண்களுக்கு நடுவே ஒரு பெண் தன் வெள்ளை முக்காட்டைக் கழற்றி வீசினால் இரு தரப்பும் நின்றுவிட வேண்டும் என்பது குர்து மரபு. அடித்துக்கொள்ளும் அண்ணன் தம்பிக்கு நடுவே தாய் வந்து நின்றதும் ஓங்கிய கை தாழ்வதைப் போன்றது அது. அந்த மெல்லிய பருத்தித் துணியைத்தான் இவர்கள் பேரணிகளுக்கு அணிந்து வருகிறார்கள். மகனை இழந்தவளே, எதிரே நிற்கும் சிப்பாயும் ஒருத்தி பெற்ற பிள்ளைதான் என்று சொல்லும்போது, அச்சொல்லின் கனம் வேறு எவர் பேச்சுக்கும் வராது.

காணாமல் ஆக்கப்பட்டோருக்காக 1995இல் இஸ்தான்புல்லில் கூடத் தொடங்கிய சனிக்கிழமைத் தாய்மார்களும் இவர்களும் ஒரே அமைப்பு என்று பலர் எண்ணுகின்றனர். சனிக்கிழமைத் தாய்மார்கள் தனி இயக்கம்.