ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு

அன்புள்ள ஐயா,

பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு 20 வயது. இங்கிலாந்தில், லீட்ஸ் நகரில் பொறியியல் படிக்கிறான். செப்டம்பரில் அவன் போய் இறங்கியபோது விமான நிலையத்துக்கே ஒரு குழு வந்து அழைத்துப் போய், போர்வை, சட்டி பானை எல்லாம் இலவசமாகக் கொடுத்திருக்கிறது. அவர்கள் ஒரு தேவாலயத்தைச் சேர்ந்தவர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. இப்போது ஞாயிறுதோறும் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் சாப்பாடு, புதன்கிழமை பைபிள் வகுப்பு. கிறிஸ்துமஸுக்கு ஒரு படம் அனுப்பினான். மான் போட்ட பெரிய ஸ்வெட்டரில் சிரித்துக்கொண்டு நிற்கிறான். அது நான் வாங்கிக் கொடுத்த ஸ்வெட்டர் அல்ல. நான் கான்வென்ட்டில் படித்தவள். யார் மீதும் வெறுப்பில்லை. ஆனால் தனியாக இருக்கும் பிள்ளைகளுக்குச் சோறு போட்டு மதம் மாற்றுவது வஞ்சகம் இல்லையா? பாதிரிமார்கள் எங்கு போனாலும் இதே வேலைதானா? நம் நாட்டில் இதைத் தடுக்கச் சட்டம் இருக்கிறதே, அங்கே கிடையாதா? என் கணவர் கோயில் நிர்வாகத்தில் இருப்பவர். படத்தை அவரிடம் இன்னும் காட்டவில்லை.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள அம்மா,

சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன். நம் மலேசிய அரசமைப்புச் சட்டத்தின் 11(4) பிரிவு, முஸ்லிம்களிடையே பிற சமயங்களைப் பரப்புவதைத்தான் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தலாம் என்கிறது. ஓர் இந்துப் பையனிடம் பைபிளைப் பற்றிப் பேசுவதற்குப் பினாங்கிலும் தடை இல்லை, லீட்ஸிலும் இல்லை. 12(4) என்று இன்னொன்று உண்டு, அது உங்களுக்குப் பிடிக்காது. 18 வயதுவரைதான் பிள்ளையின் சமயம் பெற்றோர் கையில். உங்கள் மகன் அந்தக் கோட்டைத் தாண்டி இரண்டு வருடமாகிறது.

இனி வஞ்சகம். மாணவர்களைத் தேடிப் போவது இன்று நேற்று தொடங்கியதல்ல. 1895-இல் ஸ்வீடனில் ஜான் மோட் என்ற அமெரிக்கரும் மற்றவர்களும் சேர்ந்து உலக மாணவர் கிறிஸ்தவச் சம்மேளனத்தை நிறுவினார்கள். இன்றைக்குப் படிக்கிறவன் நாளைக்கு அமைச்சர், நீதிபதி, தலைமையாசிரியர் என்ற கணக்கு அதில் இருந்தது. 1949-க்குப் பிறகு சீனா மிஷனரிகளை வெளியேற்றியது. வேறு நாடுகளும் கதவைச் சாத்தின. போக முடியாத நாடுகளின் பிள்ளைகளோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாமாகவே வந்து இறங்குகிறார்கள். அவர்களுக்கு ஊழியம் செய்யக் காரணம் இதுதான் என்று ஊழியக்காரர்கள் மேடையிலேயே சொல்வார்கள். ஒளிவு மறைவு கிடையாது.

பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் கிறிஸ்தவ மாணவர் சங்கங்கள் நடத்தும் ஒரு வேடிக்கை எனக்குப் பிடிக்கும். கடவுளைப் பற்றி ஒரு கேள்வியைக் கைப்பேசியில் அனுப்பினால், இரண்டு பேர் உங்கள் அறைக் கதவைத் தட்டிச் சுடச்சுட ஒரு டோஸ்டும் பதிலும் தந்துவிட்டுப் போவார்கள். நரகம் உண்டா என்று கேட்டு இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொள்ளும் பிள்ளைகள் நிச்சயம் இருப்பார்கள். இதில் என்ன வஞ்சகம்? டோஸ்ட் எதற்காக வருகிறது என்று இரு தரப்புக்கும் தெரியும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்: “பிறகுதான் தெரிந்தது.” அது தவறு. விமான நிலையத்தில் பிடித்திருந்த அட்டையில் தேவாலயத்தின் பெயர் இருந்திருக்க வேண்டும். பயணக் களைப்பில் நிற்கிற பையனிடம் யாரென்று சொல்லாமல் பெட்டியை வாங்கிக்கொள்வது, எத்தனை நல்ல மனதோடு செய்தாலும், எனக்கு உவப்பில்லை.

இதைப் பற்றிய கூர்மையான பேச்சை ஒரு கிறிஸ்தவரே, அதுவும் நம் தமிழர் ஒருவரே பேசியிருக்கிறார். திருநெல்வேலிப் பக்கம் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1910-இல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் எழுந்து, ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், அன்பும் வேண்டும், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். இந்தியர்களுக்குப் போதிப்பார்கள், சரிசமமாகப் பழக மாட்டார்கள் என்பது அவருடைய மனக்குறை. சபையில் பலருக்கு முகம் சுருங்கியது. 1912-இல் அவரே ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். அவர் நட்பைக் கேட்டார். பின்னால் வந்தவர்களோ அந்த நட்பையே ஊழியத்துக்கு வழியாக்கிக்கொண்டார்கள். உங்கள் மகன் உட்கார்ந்திருப்பது அந்த மேசையில்தான்.

நானும் அங்கே உட்கார்ந்திருக்கிறேன். 1983, நியூகாசில். வெளிநாட்டு மாணவர்களுக்குக் கட்டணத்தை ஏற்றிய புதிது. அப்பா நிலத்தை விற்று அனுப்பியிருந்தார். விடுதியில் மூன்று பேர் என்னை விழுந்து விழுந்து கவனித்தார்கள். வேதபாட வகுப்புக்கு இனி வரவில்லை என்றேன். அடுத்த வாரத்திலிருந்து சாப்பாட்டுக் கூடத்தில் என் மேசைக்கு யாரும் வரவில்லை. வேறொரு தேவாலயத்தில், ரயில் ஓட்டி ஓய்வு பெற்ற கிழவரும் அவர் மனைவியும் ஞாயிறு மதியம் எனக்குச் சோறு போட்டார்கள் (சோறு என்பது பேச்சுக்கு, உருளைக்கிழங்குதான், உப்பில்லாமல்). அவர்களிடமும் அதையே சொன்னேன். கிழவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு, இன்னொரு உருளைக்கிழங்கு வைக்கட்டுமா என்றார். அடுத்த ஞாயிறு பன்னிரண்டரைக்கு, ஈர நாய் வாசம் அடிக்கும் அதே கார் வாசலில் வந்து ஹாரன் அடித்தது.

மார்ச்சில் சுங்கை பட்டாணியில் அப்பா இறந்துபோனார். டிக்கெட்டுக்குப் பணமில்லை. கிழவர் வீட்டுத் தொலைபேசியில் அம்மாவோடு இருபது நிமிடம் பேசினேன். அந்தக் காலத்தில் மலேசியாவுக்கு இருபது நிமிடம் என்றால் எவ்வளவு பணம்! அவர் வாங்க மறுத்துவிட்டார். தொலைபேசியை வைத்ததும் அந்த நடையிலேயே கண்ணை மூடி எனக்காகச் சத்தமாக ஜெபித்தார். நான் தடுக்கவில்லை. நான் வேதத்தில் சேரவுமில்லை. அந்த வீட்டிலிருந்து கிறிஸ்துமஸ் அட்டை பதினொரு வருடம் வந்தது.

அதே நியூகாசிலில் நம்மவர்களின் சங்கமும் இருந்தது. தீபாவளி விருந்துக்கு டிக்கெட் விற்றார்கள். தைப்பூசத்தன்று பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற வழியெல்லாம் பந்தல் போட்டு, சீனரா வெள்ளைக்காரரா என்று பாராமல் மோர் ஊற்றுகிறோம். அந்த மோர் கடல் தாண்டினால் காசாகிவிடுகிறது. இதைக் கணவரிடம் சொல்லுங்கள், கோயில் நிர்வாகத்தில் இருப்பவர் அல்லவா.

பாதிரிமார்களைப் பற்றிய கேள்விக்கும் ஒரு வார்த்தை. 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைக் கூட்டிய தனிநாயகம் அடிகள் ஒரு கத்தோலிக்கக் குரு. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் அவரிடம் படித்த இந்துப் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுவந்தது தமிழை.

மகனிடம் மதம் மாறப் போகிறாயா என்று கேட்காதீர்கள். இல்லை என்றுதான் சொல்வான், அது உண்மையாகவும் இருக்கலாம். ஒரு புதன்கிழமை வகுப்புக்குப் போகாமல் இருந்து பார்த்தாயா, அடுத்த ஞாயிறு கார் வந்ததா என்று கேளுங்கள். வரவில்லை என்றால் அவனுக்கே விளங்கிவிடும். வந்தது என்றால் அந்த வீட்டு அம்மாளுக்கு ஒரு போத்தல் எலுமிச்சை ஊறுகாய் அனுப்புங்கள். அந்த உருளைக்கிழங்கை நான் சாப்பிட்டிருக்கிறேன்.

படத்தைக் கணவரிடம் இன்றே காட்டுங்கள். அவர்கள் மறைத்தார்கள் என்று எனக்கு எழுதிவிட்டு நீங்கள் மறைத்து வைத்திருக்கிறீர்கள். அவர் முதலில் கேட்கப்போவது பையன் ஏன் இப்படி இளைத்துவிட்டான் என்பதாகக்கூட இருக்கலாம்.