செலேட் இரும்பு: 12 சதவீதமா, 6 சதவீதமா?

கேள்வி: எங்கள் ஐந்து வயது எலுமிச்சையில் கொழுந்து இலைகள் வெளிறி வருகின்றன, நரம்பு மட்டும் பச்சை. மண் பரிசோதனையில் பிஎச் 8.3, தோண்டினால் சுக்கான்கல். உரக்கடையில் இரண்டு செலேட் இரும்பு இருக்கிறது. இடிடிஏ வகையில் இரும்பு 12 சதவீதம். இடிடிஎச்ஏ வகையில் 6 சதவீதம்தான், விலையோ மூன்று மடங்கு. எதை வாங்கலாம்?

பதில்: மண்ணில் ஊற்றுவதாக இருந்தால் 6 சதவீதத்தையே வாங்குங்கள். 12 உங்கள் மண்ணில் வீண்.

உங்கள் மண்ணில் இரும்புக்குப் பஞ்சமே இல்லை. சுண்ணாம்பின் காரத்தில் அது கரையாத துருவாக முடங்கிக் கிடக்கிறது. செலேட் என்ற பெயர் நண்டுக் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இரும்பைப் பல பக்கமும் கவ்வி, கரைந்த நிலையிலேயே வேர்வரை கொண்டு சேர்ப்பதுதான் அதன் வேலை. நீங்கள் காசு கொடுப்பது அந்தப் பிடிக்குத்தான். இடிடிஏவின் பிடி பிஎச் 6.5 வரை நிற்கும். அதற்கு மேல் இரும்பை விட்டுவிட்டுக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். டிடிபிஏ என்ற இன்னொரு வகை 7.5 வரை தாங்கும். இடிடிஎச்ஏ 9 வரை விடாது.

பொட்டலத்தில் 'ஆர்த்தோ-ஆர்த்தோ 4.8' என்பதுபோல் ஓர் எண் இருக்க வேண்டும். மொத்த 6இல் உறுதியான பிடியில் இருப்பது அவ்வளவு. அந்த எண் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். கரைத்தால் பீட்ரூட் சாறுபோல் அடர்சிவப்பாக வரும். ஆனால் சாயம் கலந்தாலும் அப்படித்தான் வரும், நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

அன்னபேதியையே (சாதாரண இரும்பு சல்பேட்) செலேட் என்று விற்றால் வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். ஒரு தம்ளர் நீரில் ஒரு சிட்டிகைத் தூள், அரைத் தேக்கரண்டி சமையல் சோடா போடுங்கள். அன்னபேதி உடனே கலங்கி, அழுக்குப் பச்சையாகத் திரண்டு, பிறகு பழுப்பாகும். செலேட் தெளிவாகவே நிற்கும்.

உங்கள் மரத்துக்கு இடிடிஎச்ஏ 25 கிராமை 10 லிட்டர் நீரில் கரைத்து, கிளைகளின் நுனிக்கு நேர் கீழே சிறு பள்ளம் பறித்து ஊற்றி, மண்ணால் மூடுங்கள். வெயில் பட்டால் இடிடிஎச்ஏ சிதையும். இலையில் தெளிக்க அது சரிவராது. தெளிப்புக்கு லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி, 1 கிராம் சிட்ரிக் அமிலம் போதும்; மாலையில் அடியுங்கள். சிமெண்ட் தரையில் சிந்தினால் கறை போகாது.

இரண்டு மூன்று வாரத்தில் புதுத் தளிரைப் பாருங்கள். ஏற்கெனவே வெளிறிய இலை முழுதாகத் தேறாது. ஒன்று மட்டும்: முதலில் மஞ்சளானது அடி இலைகள் என்றால் குறை இரும்பில் இல்லை, தழைச்சத்தோ மெக்னீசியமோதான். அப்போது இரண்டு பொட்டலமும் வேண்டாம்.